குரைக்கிற நாய் கடிக்கக் கூடாது

வாட்ஸ்அப் குழு: வடக்குத்தெரு சொந்தபந்தம்
பிப்ரவரி கடைசி ஞாயிறு

செந்தில் (டெக்சாஸ்) 8:31
[படம்]
ராத்திரி பூரா தூங்கல. இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். இங்க காலை ஒம்பது மணி

செந்தில் அம்மா 8:33
என்னப்பா சட்டையெல்லாம் ரத்தம்

செந்தில் 8:33
சேறும்மா. கொஞ்சம் பன்னி ரத்தம். என் ரத்தம் இல்ல

செந்தில் அம்மா 8:34
சனிக்கிழமை அதுவுமா பன்னியா. நம்ம வீட்ல சனிக்கிழமை கவுச்சி உண்டா

செந்தில் 8:34
சாப்பிடலம்மா. பின்னங்கால மட்டும் பிடிச்சேன்

சின்னச்சாமி சித்தப்பா 8:36
காட்டுப்பன்னியா? எத்தன நாய் விட்டாங்க

செந்தில் 8:39
ஆமா சித்தப்பா. ஆபீஸ்ல ஒருத்தரோட மாமனாரு, எழுபது வயசிருக்கும். பிரேசோஸ் ஆத்தங்கரைல பண்ணை. மக்காச்சோளம் இப்பத்தான் விதைச்சாரு. பன்னி சால் பிடிச்சே வந்து விதைய ஒண்ணொண்ணா நோண்டித் தின்னுட்டுப் போயிருக்கு. நாலு நாய் கொண்டு வந்தாரு. கடிச்சது ஒண்ணே ஒண்ணு

சின்னச்சாமி சித்தப்பா 8:39
மத்த மூணு?

செந்தில் 8:40
குரைச்சுச்சு

சின்னச்சாமி சித்தப்பா 8:42
குரைக்கிறதுக்கு மூணு நாய்க்குச் சோறா. இங்கயும் ஒண்ணு இருக்கே. போன வாரம் பன்னி சோளத்துக்குள்ள நிக்குது, இது வரப்புல நின்னு விடிய விடியக் குரைக்குது. உள்ள ஒரு எட்டு வைக்கல. கோம்பை ஜாதி நாய்னு பேரு மட்டுந்தான். கட்டிப் போட்டேன்

பிரவீன் 8:42
அப்பா கருவாயனப் பத்தி குரூப்ல பேசாதீங்க

தமிழய்யா பெரியப்பா 8:43
குரைக்கிற நாய் கடிக்காது என்பது நம் பழமொழி.

செந்தில் 8:44
பெரியப்பா, இங்க அதக் கொஞ்சம் திருத்திக்கணும். குரைக்கிற நாய் கடிக்கக் கூடாது. கடிச்சா அந்தத் தாத்தா அத வேற யாருக்காவது குடுத்துருவாராம்

பிரவீன் 8:44
அண்ணே முதல்ல இருந்து சொல்லுங்க

செந்தில் 8:50
முதல்ல கண்டுபிடிக்கணும்ல. சின்ன வண்டி, பின்னாடி நாய்ப்பெட்டி. பெட்டி மேல ஒரு கிழட்டுப் பொட்டை நாய், பேரு ஜூன். கட்டஹூலா ஜாதி, ஒரு கண்ணு பளிங்கு மாதிரி வெளுப்பு. பக்கத்து மாநிலம் லூசியானாவோட மாநில நாயே அதுதான், 1979ல அறிவிச்சாங்க.
வண்டி காத்துக்கு எதிரா நடை வேகத்துல போகுது. ஜூன் மூக்க மேல தூக்கிட்டே நிக்கிது. ரெண்டு மணி நேரம் ஒண்ணுமில்ல, எனக்குக் குளிர்ல பல்லு கிட்டிப் போச்சு. அப்புறம் திடீர்னு ஒரு கத்து. சங்கிலிய அத்துரும்போல இழுத்துச்சு. அவுத்து விட்டாரு. வண்டி மேல இருந்தே காத்துல மோப்பம் பிடிக்கிறதுக்கு ரிக்கிங்னு பேரு

பிரவீன் 8:51
தரைல தடம் பிடிக்காதா

செந்தில் 8:56
அதுக்குன்னு இருக்கிற நாய் வேற. தலையக் குனிஞ்சு மண்ணு மண்ணா மோந்துட்டுப் போகும். சாயங்காலம் போன பன்னியோட தடத்த விடிகாலைல கூடப் பிடிக்கும். நான் அதுதான் கெட்டி நாய்னு நெனச்சேன். தாத்தா சிரிக்கிறாரு. பழைய தடத்தப் பிடிச்சா பன்னி அதுக்குள்ள அடுத்த பண்ணைக்குப் போயிருக்கும், நாயும் பின்னாடியே போகும், நான் அந்தப் பண்ணைக்காரன் கதவத் தட்டணும்ங்கிறாரு. இங்க அடுத்தவன் நெலத்துல கேக்காம கால் வைக்க முடியாது. அதனால சூடான தடம் இருந்தா மட்டும் போற நாய்தான் அவருக்கு வேணும்

செந்தில் 8:58
இன்னொண்ணு. தடத்துல போகும்போதே குரைச்சுட்டே போற நாய் உண்டு, பிளாட் ஹவுண்ட் மாதிரி. கரடிக்குன்னு வளத்த ஜாதி. கரடி மரத்துல ஏறிடும், சத்தம் கேட்டா நல்லதுதான். பன்னி எங்க ஏறும்? முன்னாடியே கேட்டு ஓட்டம் எடுத்துரும். அதனால பன்னிய நேர்ல பாக்குற வரைக்கும் வாயே தெறக்காத நாயா பாத்து வச்சிருக்காரு

டாக்டர் மலர் 8:59
வாய் தெறக்கலன்னா இருட்டுல நாய் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?

செந்தில் 9:00
ஜிபிஎஸ் பட்டை கழுத்துல. கையில ஒரு பெட்டி, அதுல நாலு நாயும் புள்ளி புள்ளியா நகருது. அது வர்றதுக்கு முன்னாடி மூணு நாள் நாயத் தேடின கதையெல்லாம் வச்சிருக்காரு மலரக்கா

தமிழய்யா பெரியப்பா 9:01
[படம்: ரோஜாப்பூ, 'இனிய காலை வணக்கம்']

டாக்டர் மலர் 9:01
அப்பா, ராத்திரி ஒம்பது மணி

தமிழய்யா பெரியப்பா 9:02
செந்திலுக்குக் காலைதானே.

சின்னச்சாமி சித்தப்பா 9:03
சரி ஓடுச்சு, பிடிச்சுச்சு. குரைக்கிறதுல என்ன வித்தை இருக்கு? அதச் சொல்லு

செந்தில் 9:11
இருங்க, பெருசா எழுதுறேன்.
ஜூனும் அவரோட ரெண்டு பிளாக் மவுத் கர் நாயும் போச்சு. கால் மணி நேரத்துல ஆத்தோரம் மூங்கில் மாதிரி ஒரு புதர்ல இருந்து சத்தம். விட்டு விட்டு இல்ல, ஒரே சீரா. அதுக்கு 'பே' பண்றதுன்னு சொல்றாங்க. நம்ம பேச்சுல மறிக்கிறது. நாங்க டார்ச்ச அமத்திட்டுப் போய்ப் பாத்தா, பன்னி முள்ளுக்கு முதுகக் குடுத்து நிக்கிது. நாய் மூணும் ரெண்டு மூணு கெஜம் தள்ளி, நேர் எதிர்ல, கண்ணப் பாத்துக் குரைக்குது. பன்னி தலைய ஆட்டிப் பாயும், நாய் பின்வாங்கும். பன்னி திரும்ப முள்ளுக்கே போகும். நாய் அதே எடத்துக்கு வரும்.
நாய் தள்ளி நிக்கிறதாலதான் பன்னி ஓடல. நாமதான் ஜெயிக்கிறோம்னு அதுக்கு நெனப்பு. கிட்டப் போய்க் கடிச்சா உயிர்ப் பயம் வந்து புட்டுக்கிட்டு ஓடும், இல்ல நாயக் கிழிக்கும். கூட்டமா இருந்தா இன்னும் மோசம். கடிக்கிற நாய் ஒரு குட்டியப் பிடிச்சுட்டு நிக்கும், மத்த பதினஞ்சும் பதினஞ்சு பக்கம் போயிரும்

சின்னச்சாமி சித்தப்பா 9:12
ம்

செந்தில் 9:14
ஓடப் பாத்தா மட்டும் பின்னந்தொடைல ஒரு கடி கடிச்சுட்டு உடனே விட்டுரணும். அந்த அளவு தெரியிற நாய் பத்துக்கு ஒண்ணுன்னு தாத்தா சொல்றாரு. நாய் எண்ணிக்கையும் கூடக் கூடாதாம். ரெண்டு நாய் நிறுத்தி வைக்கிற பன்னிய ஆறு நாய் விரட்டி விட்டுருமாம்

பிரவீன் 9:15
பிளாக் மவுத்னா கருவாய்தானே? நம்ம கருவாயன் மாதிரியே செவலையா இருக்குமா

செந்தில் 9:16
[படம்]
நீயே பாரு. செவலை ஒடம்பு, கருத்த மூஞ்சி. சொந்தம் கிடையாதுடா, ஆனா மந்தைல விட்டா சித்தப்பா தன்னோடதுன்னு ஓட்டிட்டு வந்துருவாரு

சின்னச்சாமி சித்தப்பா 9:17
காது வேற. கருவாயனுக்கு மடங்காது இப்படி

தமிழய்யா பெரியப்பா 9:19
சங்கப் பாடல்களில் நாய்க்கு ஞமலி என்றும், பன்றிக்குக் கேழல், ஏனம் என்றும் பெயர் உண்டு. குறிஞ்சி நிலத்தில் வேட்டுவர் நாயோடு சென்று கேழலை வேட்டையாடுவதும், தினைப்புனத்தில் கேழல் மேய்வதும் பல பாட்டில் வரும். சின்னச்சாமியின் வழக்கு ஈராயிரம் ஆண்டுப் பழையது.

சின்னச்சாமி சித்தப்பா 9:19
அப்பவும் நஷ்டஈடு குடுத்திருக்க மாட்டாங்க

செந்தில் 9:27
பெரியப்பா, இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம் ஒண்ணு. ஏன் கடிக்காத நாய வளத்தாங்கன்னு கேட்டேன். அவரோட தாத்தா காலத்துல இங்க யாரும் பன்னிக்கு வேலி போட மாட்டாங்களாம். காதுல வெட்டு அடையாளம் போட்டுக் காட்டுக்குள்ள விட்டுருவாங்க. ஓக் கொட்டை தின்னு தானா வளரும். வெட்டுற பருவத்துல போய்ப் பிடிக்கணும், அதுக்குள்ள அது பாதிக் காட்டுப்பன்னி ஆயிருக்கும். மனுசன் ஓட்டினா வராது. அப்ப நாய் போய்ச் சீண்டும். பன்னிக் கூட்டம் மொத்தமும் கோவத்துல நாயத் தொரத்தும். நாய் பிடிபடாம, ரொம்ப முன்னாடியும் போயிராம, ஓடி ஓடிப் பட்டிக்குள்ள நுழையும். பன்னி பின்னாடியே உள்ள போகும். நாய் அந்தப் பக்கம் தாவிரும், ஆள் கதவச் சாத்திருவாரு.
சொந்தப் பன்னி. காசு. அதக் கடிச்சுக் காயம் பண்ணினா எந்த நாய வச்சுப்பாங்க? இன்னைக்கு வேட்டைன்னு சொல்றது பழைய மேய்ப்பு வேலதான்

டாக்டர் மலர் 9:28
இது நல்லா இருக்குடா

செந்தில் 9:30
லூசியானால வின்ஃபீல்டுங்கிற ஊர்ல இதுக்குப் போட்டியே நடக்குது. அங்கிள் ஏர்ல் பேர்ல. ஏர்ல் லாங்னு அந்த மாநில கவர்னரா இருந்தவர், பன்னி வேட்டைப் பிரியர். பட்டிக்குள்ள ஒரு பன்னிய விட்டு, நாய் அத எப்படிக் கண்ணாலயும் கொரலாலயும் நிறுத்துதுன்னு மார்க் போடுவாங்க. வாய வச்சா மார்க் போச்சு

பிரவீன் 9:31
அப்ப கடிக்கிற நாய் எதுக்குண்ணே

செந்தில் 9:37
அது கடைசி ரெண்டு நிமிசத்துக்கு. அமெரிக்கன் புல்டாக், பேரு பட்டர். மார்ல தடிச்ச துணிக் கவசம், கழுத்துல அகலப் பட்டை. மொத்த ராத்திரியும் வண்டில தூங்குது, குறட்டை வேற. மறிச்சாச்சுன்னு தெரிஞ்சதும் கயித்துல பிடிச்சுக் கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. அம்பது அடில விட்டாரு. ஒரு சத்தம் போடல. நேரா போய்க் காத அடியோட கவ்விருச்சு. அப்புறம் விடாது. நாமதான் ஓடணும். பின்னங்கால் ரெண்டையும் தூக்கிச் சாச்சுட்டாப் பன்னியால எந்திரிக்க முடியாது. அதுதான் என் வேல. மீதிய அவர் கத்தியால முடிச்சாரு. பட்டரோட வாயத் தெறக்க ஒரு குச்சி வச்சிருக்காரு, கடவாப் பக்கமா விட்டுத் திருகணும்

செந்தில் அம்மா 9:38
உனக்கு எதுக்குப்பா காலப் பிடிக்கிற வேல. இன்சூரன்ஸ் இருக்கா

செந்தில் 9:38
இருக்கும்மா

பிரவீன் 9:40
தேடுறதும் அதே நாய், பிடிக்கிறதும் அதே நாய்னு ஒண்ணு இல்லையா? நான் வீடியோல பாத்தேனே

செந்தில் 9:43
இருக்கு, ரன்னிங் கேட்ச் டாக். ஓடுற பன்னியவே பிடிச்சுரும், சீக்கிரம் முடியும். அர்ஜென்டினாவோட டோகோ நாய அப்படி வேல வாங்குறவங்க உண்டு. ஆனா ஆள் வந்து சேர்றதுக்கு முன்னாடி அது ஒத்தைல நிக்கும். அஞ்சு நிமிசம் லேட்டானா நீ நாயத் தூக்கிட்டுத்தான் வருவ. தாத்தா முப்பது வயசுல அப்படித்தான் வச்சிருந்தாராம். எத்தனைய பொதைச்சேன்னு விரல எண்ணிட்டுப் பாதில நிறுத்திட்டாரு. நான் மேல கேக்கல

டாக்டர் மலர் 9:50
பிரவீன், வீடியோல அதக் காட்ட மாட்டாங்க. ஆண் பன்னிக்குக் கீழ்த்தாடைக் கோரைப்பல்லு மேல் பல்லோட உரசி உரசிக் கத்தியாவே இருக்கும். தோள்ல தோலுக்கடில கேடயம் மாதிரி கெட்டித் திசு, நாயோட பல்லு அதுல லேசுல எறங்காது. தோட்டத்துக் காவல் நாய்ங்க நெஞ்சு, தொடை எல்லாம் கிழிஞ்சு என்கிட்ட வரும். வெளில ஒரு இஞ்சு ஓட்டை, உள்ள ஒரு சாண் கிழிசல் இருக்கும்.
செந்தில், கையுறை போட்டியா? புருசெல்லாங்கிற கிருமி பன்னி ரத்தத்துல இருந்து மனுசனுக்கு வரும். அந்த நாய்ங்களுக்குப் பொய் ரேபிஸ்னு ஒண்ணு, ஆஜெஸ்கி நோய். வளந்த பன்னிக்குப் பெருசா ஒண்ணும் செய்யாது. நாய்க்கு வந்தா அரிப்புல தன்னையே பிறாண்டி ரெண்டு மூணு நாள்ல செத்துரும்

செந்தில் 9:51
கையுறை போட்டேங்க்கா. சட்டையத்தான் தனியா ஊற வைக்கணும்

செந்தில் அம்மா 9:51
தூக்கிப் போடு அந்தச் சட்டைய

சின்னச்சாமி சித்தப்பா 9:54
சர்க்கார் ஒண்ணும் சொல்லாதா

செந்தில் 9:58
இங்க அது ஊர் மிருகமே இல்ல சித்தப்பா. ஸ்பெயின்காரங்க கொண்டு வந்த வீட்டுப்பன்னி காட்டுக்குப் போச்சு, 1930கள்ல வேட்டைக்குன்னு ஐரோப்பியக் காட்டுப்பன்னியக் கொண்டாந்து விட்டாங்க, ரெண்டும் கலந்துருச்சு. இப்ப டெக்சாஸ்ல மட்டும் இருபது லட்சத்துக்கு மேலன்னு கணக்கு. 2019ல இருந்து நெலத்துக்காரர் சம்மதிச்சா வேட்டை லைசென்ஸே வேணாம். அப்பவும் கொறையல. வருசத்துக்கு மூணுல ரெண்டு பங்கு எடுத்தாத்தான் எண்ணிக்கை ஏறாம நிக்குமாம். நாய வச்சு அது நடக்காது, கூட்டத்தோட பிடிக்கிற பெரிய கூண்டுதான்னு தாத்தாவே ஒத்துக்கிறாரு. கூண்டுக்கு வராத கெட்டிக்காரப் பன்னிக்குத்தான் நாய்

டாக்டர் மலர் 10:01
சித்தப்பா, முன்கூட்டியே சொல்லிர்றேன். இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நாய விட்டுப் பிடிச்சாலும் கேஸுதான். 2025 ஜனவரில அரசு சொன்னதும் வனத்துறை ஆள் சுடலாம்னுதான், அதுவும் காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி

சின்னச்சாமி சித்தப்பா 10:03
நம்ம தோட்டம் ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. எனக்குத் தெரியும்மா. மதினியோட பழைய சேலை பதினாலு வேலில தொங்குது, சலூன்ல முடி அள்ளிட்டு வந்து போட்டேன். பன்னி முடியத் தள்ளிட்டுச் சேலைக்கு அடில வருது

செந்தில் அம்மா 10:04
பதினாலா? நான் பத்துதானே குடுத்தேன்

பிரவீன் 10:06
அப்பா ஒண்ணு கேக்குறேன். கருவாயன் குரைச்ச அன்னைக்கு எத்தன சோளத்தட்டை போச்சு

சின்னச்சாமி சித்தப்பா 10:09
ஓரத்துல நாலஞ்சு

பிரவீன் 10:09
கட்டிப் போட்ட பிறகு?

சின்னச்சாமி சித்தப்பா 10:10
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

டாக்டர் மலர் 10:11
சித்தப்பா, அவுத்து விட்டுறாதீங்க, அது காட்டுக்குள்ள தொரத்தினா வம்பு

சின்னச்சாமி சித்தப்பா 10:26
அவுக்கல. வீட்டு வாசல்ல இருந்து தோட்டத்துக் கொட்டகைக்கு மாத்திருக்கேன். கயிறு நீளமா விட்டிருக்கு. மீன் கொழம்புச் சோறு வச்சேன், தின்னுட்டு என்னையப் பாத்தே குரைக்குது