கதிரொட்டு எதிர்ப்பொருள்: ‘ஒட்டு’ பொருந்துமா?

தருமபுரியிலிருந்து:

வணக்கம். பெருங்குடல் புற்றைப் படமெடுக்கும் மருந்துகளுக்கு ‘கதிரியக்க எதிர்ப்பொருள்’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. எதிர்ப்பொருளே (ஆன்டிபாடி, குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் புரதம்) கதிர் விடுவதுபோல் தொனிக்கிறது, அது தவறு. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இப்போது விற்பனையில் இல்லாத ஆர்சிட்டுமோமாப் என்ற மருந்தில் எதிர்ப்பொருள் துண்டு, புற்றணுவின் மேலுள்ள சிஇஏ என்ற புரதத்தைப் பிடிக்கும். கதிர் விடுவது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம். ஊசி போடும் அன்றுதான் குப்பியில் இரண்டும் சேரும். சந்தூர் மாங்கன்று நர்சரிகளில் வேர்ச்செடியில் ஒட்டுக்குச்சி வைத்துக் கட்டுகிறார்களே, அதுபோல. ஆகவே ‘கதிரொட்டு எதிர்ப்பொருள்’ என்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயா, ‘ஒட்டு’ சரி, ‘கதிர்’ இடிக்கிறது. நம்ம பக்கம் கதிர் என்றால் முதலில் கேழ்வரகுதான். கட்டியைச் சுட்டிக்காட்டுவதால் ‘சுட்டு எதிர்ப்பொருள்’ போதாதா?

தருமபுரியிலிருந்து:

அம்மா, ‘சுட்டு’ என்று படிவத்தில் கண்டால் உடம்பைச் சுடுவார்களோ என்று நோயாளி பயப்படுவார். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளுக்கும் அதே சொல் பொருந்திவிடும். ‘கதிர்வீச்சு’ ஊருக்கே பழகிய சொல், அதனால் ‘கதிர்’ இருக்கட்டும்.

‘ஒட்டு’ என்பதற்கு இன்னொரு வலுவும் உண்டு: ஒட்டு பிடிக்காமலும் போகும். குப்பிக்குள் காற்று நுழைந்தால், டெக்னீசியத்தை ஒட்டத் தயாராக்கும் வெள்ளீய உப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகிறது; பெர்டெக்னெட்டேட் (ஆக்சிஜனோடு சேர்ந்த டெக்னீசியம்) வேதியியல் ஒடுக்கம் அடையாமல் தனியாகவே நிற்கிறது. அது உடலில் தைராய்டுக்கும் இரைப்பைக்கும் போய், அங்கிருந்து குடலுக்குள் இறங்கும். நாம் கட்டி தேடுகிற இடத்திலேயே பொய்ப் புள்ளி! அதனால் கரைசலை உள்ளே விட்ட அளவுக்குக் குப்பியிலிருந்து வாயுவை இழுத்துவிட வேண்டும். பின் ஒரு துளியைச் சோதனைப் பட்டையில் வைத்து அசிட்டோனில் ஏற்றிப் பாருங்கள்: ஒட்டாதது மேலே ஓடும், ஒட்டியது வைத்த இடத்திலேயே நிற்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘துண்டு’ என்பதை விடக் கூடாது. 1992இல் வந்து, பின்னர் விற்பனையிலிருந்து நீங்கிய சாட்டுமோமாப் என்ற மருந்து முழு எதிர்ப்பொருள். அதில் ஒட்டியது இண்டியம்-111 என்ற கதிரியக்கத் தனிமம், அரைவாழ்வு (கதிர் பாதியாகக் குறையும் காலம்) 2.8 நாள். அது கல்லீரலில் தேங்கி, அங்கே பரவிய கட்டியை மறைத்துவிடும். துண்டு சீக்கிரம் சிறுநீரகம் வழியே கழியும், 6 மணி அரைவாழ்வுள்ள டெக்னீசியமே போதும், அன்றைக்கே படம் எடுக்கலாம். சிகிச்சைக்கான கதிரொட்டு எதிர்ப்பொருளும் இதே பெயரில் குழம்பாதிருக்க, முன்னால் ‘பட’ சேர்ப்போம்: ‘படக் கதிரொட்டு எதிர்ப்பொருள்’, ‘படக் கதிரொட்டு எதிர்ப்பொருள் துண்டு’.

தருமபுரியிலிருந்து:

இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன். இவை எலியின் எதிர்ப்பொருள்கள். ஒருமுறை ஏற்றினால் நம் உடல் அதற்கே எதிர்ப்பொருள் செய்து, அடுத்த ஊசியைக் கட்டிக்குப் போகுமுன் இரத்தத்திலேயே வளைத்துக்கொள்ளும். அதற்கு ‘எலியெதிர் எதிர்ப்பொருள்’ என்று எழுதினால் நாக்கு சுளுக்குகிறது. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.