மறுமொழி: விமானப் பயிற்சியில் இறந்த மேலவீட்டுப் பெரியப்பாவுக்குக் கல்வெட்டு

அன்புள்ள சங்க உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கல்வெட்டுக்காக ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்டுத் தலைவர் எழுதிய மடலையும், பள்ளிச் சுவரில் இருந்த பழைய பலகையின் மேலேயே வெள்ளையடித்துவிட்டார்கள் என்று துபாய் மாப்பிள்ளை ஊருக்குப் போய்வந்து எழுதியதையும் படித்தேன். பணம் தருகிறேன். ஆனால் 'போர்முனையில் வீரமரணம்' என்ற வாசகத்தை ஏற்க மாட்டேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படையில் சேர்ந்திருந்தாலும் பெரியப்பா போர்முனையைக் கண்டதில்லை. ஹைதராபாத் பேகம்பேட்டையில் டைகர் மாத் என்ற தொடக்கப் பயிற்சி விமானத்தில் பயின்றவர், அம்பாலாவுக்குப் போய் ஹார்வர்டு என்ற அடுத்த கட்டப் பயிற்சி விமானத்தை ஓட்டும் நிலையை எட்டுமுன்பே இறந்துவிட்டார். டைகர் மாத்தில் மேற்கூரை கிடையாது, வானொலியும் கிடையாது. பயிற்றுநர் சொல்வது ஒரு குழாய் வழியாகத்தான் மாணவரின் காதுக்கு வரும். விபத்து நடந்த அன்று பெரியப்பா தனியாகப் பறந்தார். தரையிறங்குவதற்காகத் திரும்பும்போது வேகம் குறைந்தால் இறக்கை தாங்கும் விசையை இழந்து விமானம் சுழலத் தொடங்கும். உயரத்தில் நடந்தால் மீட்டுவிடலாம், தாழ்வாகப் பறக்கையில் அதற்கு இடமில்லை.

இதை எழுதினால் ஊருக்கு இழுக்கு என்கிறார் கீழவீட்டு அண்ணன். அதே போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் இறந்த 55,573 பேரில் 8,000க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் மாண்டவர்கள். அவர்களை யாரும் குறைத்து மதிப்பதில்லை. போர்க்காலத்தில் இறந்த படையினரின் நினைவைப் பேணும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், 3-9-1939 முதல் 31-12-1947 வரை படைப்பணியில் இருக்கையில் இறந்தவர் எப்படி இறந்தார் என்று பார்ப்பதில்லை. பதவி, இன, மத வேறுபாடும் காட்டுவதில்லை. தகனம் செய்யப்பட்டவர்களின் பெயர்களையும் நினைவுச்சின்னங்களில் பொறிக்கிறது. ஆகவே முதலில் அந்த ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெரியப்பாவின் பெயரைத் தேடுவோம். இல்லையென்றால் சான்றுகளோடு விண்ணப்பிப்போம்.

சான்று என்றால், பெரியப்பா இறந்த செய்தியோடு வந்து அத்தையிடம் இருக்கும் தந்திதான். தோப்புப் பங்கு விவகாரத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்தவர்கள், தந்தியைப் படம் எடுக்கும் நேரமாவது அதைத் தளர்த்தலாம். அத்தை கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். எனக்கு மறுக்க மாட்டார்.

பொருளாளர் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். குடமுழுக்குக் கணக்கு இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை. அது வரும்வரையிலும், வாசகம் முடிவாகும்வரையிலும் கல்தச்சரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.