புதுப்பிப்பு: மாட்டுக் காலெலும்பில் மஞ்சள் கறை நீங்கியது

கத்திப் பிடிக்காக வேகவைத்துச் சுத்தம் செய்த மாட்டுக் காலெலும்பு, காய்ந்த பின் மஞ்சளாகி எண்ணெய் கசிகிறது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

வெளுப்பதற்கு முன் கொழுப்பை நீக்க வேண்டும் என்ற யோசனையே பலித்தது. இரு முனைகளையும் அறுத்து, மஜ்ஜையைக் கம்பியால் நோண்டி எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நீர் கலங்கும்போதெல்லாம் மாற்றினேன். மேலே வட்டவட்டமாக மிதந்த நெய்ப்படலம் முற்றிலும் மறைய 19 நாட்கள் ஆயின. பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் இரண்டு நாள் வைத்து (வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்கவில்லை), நிழலில் உலர்த்தினேன்.

எதிர்பாராத ஒன்று: அவசரப்பட்டு முன்பே பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டிருந்த துண்டு, நகத்தால் கீறினாலே மாவாக உதிர்ந்தது. அரத்தால் ராவும்போது முகக்கவசம் அவசியம்; பல் ராவும்போது வருமே, அதே நாற்றம்தான்.