புல்மனில் ஓர் இரவு தங்க வழி தேவை

வணக்கம். முழங்கால் வலியுள்ள அப்பாவுடன், அக்டோபரில் ஒரு சனிக்கிழமையன்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் காண, சியாட்டிலிலிருந்து புல்மனுக்குக் காரில் செல்லவிருக்கிறேன். ஓர் இரவு தங்க அறை கிடைக்கவில்லை. இந்தப் பல்கலைக்கழக அணி ஆடும், 2024-இல் இரண்டே அணிகளாகச் சுருங்கிய பேக்-12 என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு, போய்சி ஸ்டேட் உள்ளிட்ட புதிய அணிகளைச் சேர்ப்பதால் கூட்டமும் கூடிவிட்டதோ என்னவோ.

நான் விசாரித்த புல்மன் விடுதிகள் எல்லாம் நிறைந்துவிட்டன, 13 கி.மீ. தொலைவிலுள்ள மாஸ்கோவில் (ஐடஹோ மாநிலத்து மாஸ்கோதான்) இரண்டு இரவுக்குக் குறைவாக அறை தர மறுக்கிறார்கள், 120 கி.மீ. தள்ளியுள்ள ஸ்போக்கேனுக்குக் கோதுமைக் குன்றுகளின் ஊடே இரவில் திரும்புவது அப்பாவுக்கு ஆகாது. ஏற்ற இறக்கமான புல்மனில் அவரால் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்கவும் முடியாது.

அருகிலுள்ள ஊர்களான லூயிஸ்டன், கோல்ஃபாக்ஸ் இரண்டில் எங்கே தங்கினால், ஆட்டம் முடிந்த நெரிசலில் அவரை அதிகம் நடக்கவிடாமல் அழைத்துச் செல்ல வசதியாக இருக்கும்?