கானாடுகாத்தானை நடந்தே சுற்ற வழி சொல்லுங்களேன்

காரைக்குடி, பள்ளத்தூர் பக்கத்து மக்களே, ஒரு உதவி. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் தோழியும் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து கானாடுகாத்தான் தெருக்களை நடந்தே பார்க்கலாம் என்று இருக்கிறோம். காரில் வந்து இரண்டு வீட்டு வாசலில் போட்டோ எடுத்துவிட்டு பிள்ளையார்பட்டிக்கு ஓடுகிற சுற்றுலா எங்களுக்கு ஆகாது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற அந்த நீளமான செட்டிநாட்டு வீடுகளை, முகப்புச் சுதை வேலையை, பர்மா தேக்குத் தூண்களை நிதானமாகப் பார்க்கணும், அவள் வேறு படம் வரைகிறவள், திண்ணை கிடைத்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள்.

1912-ல் கட்டிய செட்டிநாடு அரண்மனைக்குள் இப்போது விடுகிறார்களா? இல்லையென்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி) வரை காட்டுகிற வீடு எது? ஆச்சிமார் குடியிருக்கிற வீட்டில் போய்க் கேட்பது முறையில்லை என்று நினைக்கிறேன்.

மதியம் விடுதிச் சாப்பாடு நம் பட்ஜெட்டுக்கு ஒத்து வராது, சாதாரண மெஸ் இருந்தால் போதும்.

அப்புறம் ஆத்தங்குடி. கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுக் கையாலேயே தரைக்கல் (டைல்ஸ்) செய்வதை நேரில் பார்க்க ஆசை. அது நடக்கிற தூரம் இல்லை, தெரியும். டவுன் பஸ் உண்டா, ஆட்டோ எவ்வளவு கேட்பார்கள்? முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வேலை நடக்குமா? நடக்காது என்றால் சனிக்கிழமைக்கே மாற்றிக்கொள்கிறோம்.