சனிக்கிழமை மியூசியம் போய் வந்த பிறகு: குடும்பக் குழு

கவிதா: எல்லாரும் வீடு வந்து சேர்ந்தாச்சா? பாட்டிக்குக் கால்வலி எப்படி இருக்கிறது சித்தப்பா?

சித்தப்பா: இப்பதான் மைலோ குடித்தார்கள். வலியைப் பற்றிப் பேச்சே இல்லை, கண்ணாடிப் பெட்டியில் இருந்த ரப்பர் பால் மங்கு, அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான் பேச்சு.

கவிதா: அதைத்தான் எழுத வந்தேன். அட்டையில் "ரப்பர் பால் சேகரிக்கும் கிண்ணம்" என்று ஒரு வரிதான். பாட்டியோ கையாலேயே சீவிக் காட்டினார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவணும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு. மங்கில் காய்ந்து ஒட்டியதை உரித்துச் சாக்கில் போடணும், அது ஒட்டுப்பால். மழை வந்தால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டிலிருந்தே திரும்பணும், அன்றைக்குக் கூலி இல்லை. பக்கத்தில் நின்ற சீனப் பிள்ளைகள்கூட வாய் மூடாமல் பார்த்தார்கள்.

அர்வின்: மாமா, சைக்கிள் படத்துக்குக் கீழே 1941 என்று போட்டிருந்ததே. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கணுமாமே, உண்மையா?

பெரிய மாமா: உண்மைதான் தம்பி. துரை மட்டுமா, தோட்டத்துக் கணக்கர் கிராணி எதிரே வந்தாலும் இறங்கணும். 1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் வைத்த கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், பெண்களிடம் தப்பாக நடக்காதே என்று கேட்டவர்கள், சைக்கிளில் உட்கார்ந்தபடி போக விடு என்றும் கேட்டார்கள். அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எத்தனை தடவை இறங்கி இறங்கி நின்றிருப்பார்கள்!

அர்வின்: கேட்டது கிடைத்ததா?

பெரிய மாமா: முன்னால் நின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டாளம் வந்து சுட்டது, நம் ஆட்கள் செத்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஜப்பான்காரன் வந்துவிட்டான். அப்புறம் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தது தனிக் கதை.

சித்தப்பா: இதைப் படித்துக் காட்டினேன். அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கப்பாவும் இறங்குவார். பின்னால கேரியர்ல நான் உட்கார்ந்திருப்பேன், ஆறு வயசு. என்னையும் தூக்கி இறக்கி விட்டுருவார். துரை போற வரைக்கும் அவர் கை என் தலை மேலேயே இருக்கும்."

கவிதா: இத்தனை வருசத்தில் பாட்டி இதைச் சொன்னதே இல்லையே.

அர்வின்: எனக்கும் சொன்னதில்லை.

கவிதா: சித்தப்பா, போனில் பதிவு செய்யுங்கள், ப்ளீஸ். மியூசியத்தில் அட்டை எழுதும் அந்த அக்காவிடம் கொடுக்கலாம்.

சித்தப்பா: போனுக்கெல்லாம் சொல்ல மாட்டாராம். நாளைக்கு அர்வினைக் கூட்டி வா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும் என்கிறார். வரும்போது வெற்றிலை வாங்கி வரணுமாம்.