மாம்பலம் வீடு: குடும்பக் குழு, ஞாயிறு மதியம்

நான் (2:10): பாட்டி மறுபடியும் 'காதலிக்க நேரமில்லை' போட்டுவிட்டார். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. எனக்குக் கிரிக்கெட் பார்க்க வேண்டும், யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா (2:12): ரிமோட்டைத் தொடாதே. நாகேஷ் திகில் கதை சொல்லும் இடம் வந்துவிட்டதா?

நான் (2:12): இல்லை, இப்போதுதான் மெரினா பாட்டு. 'இங்கேதான் உன் தாத்தா எனக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்தார்' என்கிறார். இதுவும் மூன்றாவது தடவை.

குரோம்பேட்டை அத்தை (2:14): சுத்தப் பொய். வாங்கியதும் அம்மா, காசு கொடுத்ததும் அம்மா. அப்பா தின்றார், அவ்வளவுதான் 😂

பெங்களூர் அண்ணன் (2:19): வசனம் எல்லாம் மனப்பாடம். அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

பெரியப்பா (2:23): கர்ணன் சாவான் என்று தெரியாதவர்களா 2012இல் தியேட்டருக்கு வந்தார்கள்? 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு வந்த படம். 48 வருடம் கழித்து டிஜிட்டலில் புதுப்பித்து விட்டபோது அப்படி ஒரு கூட்டம். நீயும்தான் வந்தாய். பாப்கார்ன் தீர்ந்ததும் தூங்கிவிட்டாய்.

பெங்களூர் அண்ணன் (2:23): 🙈

சித்தி (2:31): அத்தை (என் மாமியார், குரோம்பேட்டை இல்லை) ஒரு நாள் சமையலறையில் சொன்னார்கள். நாகேஷ் கதை சொல்லும் அந்தக் காட்சியை முதலில் பார்க்கும்போது கண் நாகேஷை விட்டு நகராதாம். சத்தமெல்லாம் வாயாலேயே போடுகிறாரே! நாலைந்து தடவை பார்த்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பாலையா கண்ணில் பட்டாராம். அந்த மனிதர் பயந்து நடுங்குவதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது என்றார்கள். அன்றிலிருந்து நாகேஷைக் காதால் மட்டும்தான் கேட்கிறார்களாம்.

பெரியப்பா (2:38): அப்படிச் சொல்லுங்கள்! 'தில்லானா மோகனாம்பாள்' 1968. நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஊரே சிவாஜியின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஓரமாகத் தவிலோடு அதே பாலையா. எட்டாவது தடவைதான் அவர் கையைக் கவனித்தேன்.

குரோம்பேட்டை அத்தை (2:39): அண்ணா, எண்ணியா வைத்திருக்கிறாய்?

நான் (2:58): கரண்ட் போச்சு!!

குரோம்பேட்டை அத்தை (2:58): எந்த இடத்தில்?

நான் (2:58): நாகேஷ் கதையை ஆரம்பிக்கிற இடத்தில்.

பெரியப்பா (2:59): ஐயையோ. அம்மா என்ன செய்கிறார்?

நான் (3:04): விசிறியை எடுத்துக்கொண்டு மீதியை அவரே சொல்கிறார். சத்தம் உட்பட.

பெங்களூர் அண்ணன் (3:05): டேய், பதிவு செய்து போடு.

நான் (3:09): 🎤 குரல் பதிவு 1:42

சித்தி (3:12): அருமை 😂 நடுவில் 'அம்மா' என்று யாரோ அலறுகிறார்களே, அதுவும் அத்தையா?

நான் (3:12): அது நான். இருட்டில் பின்னாலிருந்து தோளைத் தொட்டுவிட்டார்.

பெங்களூர் அண்ணன் (3:13): 🤣🤣🤣

நான் (3:34): கரண்ட் வந்துவிட்டது. அந்த இடம் போய்விட்டது, நீ கிரிக்கெட் வைத்துக்கொள் என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டார். பெரியப்பா, அந்தக் காட்சி யூடியூபில் இருந்தால் அனுப்புங்கள். நானும் இதுவரை நாகேஷை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா (3:35): இதோ அனுப்புகிறேன். சத்தமாக வை, அம்மாவுக்கும் கேட்கட்டும்.